நான் தள்ளுபடி செய்த ஒரே மனு

வேலூர் வக்கீல்கள் சங்கத்தில் போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்னாள் ஆளுநருக்குப் பொன்னாடைப் பஞ்சமே கிடையாது. பீரோ கொள்ளாமல் கிடக்கிறது, பால்காரருக்குக்கூட ஒன்று கொடுத்தாயிற்று. பேசி முடித்ததும் ஓர் இளம்பெண் எழுந்தார், புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல். மசோதாவோ மனுவோ ஆளுநர் மேசைக்கு வந்தால் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கெடு வைக்கலாமா, கூடாதா, ஊரெல்லாம் இதைத்தானே வாதாடுகிறார்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

நான் பதவியின் மாண்பு, அமைப்புகளுக்கிடையே நல்லிணக்கம் என்று ஏதோ சொல்லி வைத்தேன். கை தட்டினார்கள். அந்தப் பெண் தட்டவில்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் அந்த முகம்தான் எதிரே நிற்கிறது. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை, என் மேலேதான். ஆகவே பதிலை எழுதுகிறேன். இதில் மாண்பு கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும்.

நான் ஆம்பூர் பக்கத்துக்காரன். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். தோல் ஊறுகிற வாசனையிலேயே படித்தேன், வக்கீலானேன், டேனரித் தொழிலாளர் வழக்குகளை எடுத்து நடத்தினேன், கட்சியில் சேர்ந்தேன், ஒருமுறை எம்.பி. ஆனேன், அதற்கப்புறம் தோற்றுக்கொண்டே இருந்தேன். இதற்கு மேல் அதில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது. கடைசித் தோல்விக்குப் பிறகு டெல்லியிலிருந்து போன் வந்தது, வடக்கே ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகப் போகச் சொல்லி. ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்காத பிள்ளையும் அழக்கூடாது என்று சோப்பு டப்பா கொடுப்பார்களே, அந்தக் கணக்கு. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

ஊரில் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலையிலிருந்து வாசலில் மனுவோடு கூட்டம். பாலாற்றில் கழிவு விடுவதை நிறுத்த வேண்டும், பட்டா மாற்ற வேண்டும், மருமகனை வேலூருக்கு டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டும். நாட்றம்பள்ளியிலிருந்து ஒருவர் வரப்புத் தகராறோடு பஸ் பிடித்து வந்திருந்தார். ஐயா, நான் போவது வேறு மாநிலம், இங்கே ஒரு தெருவிளக்குப் போடக்கூட எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. கவர்னர் என்றால் கவர்னர்தானே, அதில் என்ன அந்த ஊர் இந்த ஊர் என்றார்கள். வேலை செய்ய மனமில்லாததால் சாக்கு சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மனுவை மடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு ஏழுமலை வந்தான். ஏழுமலையும் நானும் ஒரே பெஞ்சு. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு டேனரிக்குப் போனவன். நான் நின்ற எல்லாத் தேர்தலிலும் பசை வாளி தூக்கியது முதல் பூத்தில் உட்கார்ந்தது வரை அவன்தான். ஒரு பதவி கேட்டதில்லை, ஒரு சிபாரிசு கேட்டதில்லை. தோற்ற இரவுகளில் என் பெண்டாட்டிகூடத் தூங்கிவிடுவாள், அவன் என்னோடு உட்கார்ந்திருப்பான். என்னை வாழ்நாள் முழுக்க "டேய் வக்கீலு" என்றுதான் கூப்பிட்டான். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டான்.

"டேய் வக்கீலு, உன்ன எந்த ஊருக்குப் போட்டிருக்காங்கன்னு கவனிச்சியா? சாமி பாத்துதாண்டா உன்ன அங்க அனுப்புது."

அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும். அவனுடைய ஒரே மகன் குமரேசன் அந்த மாநிலத்துச் சிறையில்தான் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான். குமரேசன் லாரி டிரைவர். ஆம்பூர் டேனரிகளுக்கு உப்புத்தோல் ஏற்றி வர வடக்கே போகிற லாரி. அங்கே ஒரு சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் லாரியை மறித்து மாமூல் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் கிளீனர் பையனைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறார்கள். குமரேசன் ஜாக்கி ராடை எடுத்து வீசியிருக்கிறான். ஒருவன் தலையில் பட்டுச் செத்துப்போனான். மொழி தெரியாத கோர்ட், பேருக்கு ஒரு வக்கீல். கொலை என்று தீர்ப்பாகிவிட்டது. நான் போகிற காலத்தில் அவன் உள்ளே பல வருஷங்களைக் கழித்திருந்தான். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரா வாரம் ரத்தம் சுத்தம் பண்ணப் போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். மகன் சாவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும். ஏழுமலைக்கு இது ஒன்றுதான் வேண்டும்.

பார்க்கிறேன் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உன் தோஸ்து உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அரசியலமைப்பின் இந்தப் பிரிவு இப்படிச் சொல்கிறது என்றா பதில் சொல்வாய்?

போய்ச் சேர்ந்தேன். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார், பீரங்கி முழங்கவில்லை என்பது தவிர மற்ற எல்லா மரியாதையும் நடந்தது. மாளிகை ஒரு குன்றின் மேல். தோட்டக்காரர்களே ஒரு தெரு அளவுக்கு இருந்தார்கள். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது என்று எங்கள் எல்லைப் பக்கத்தில் தெலுங்கில் ஒரு சொலவடை உண்டு, பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று. அதற்கு அர்த்தம் எனக்கு அந்த வீட்டில்தான் முழுசாகப் புரிந்தது.

எனக்கு அங்கே மேலதிகாரி யார் என்று கேட்டால் சட்டப்படி குடியரசுத் தலைவர். நடைமுறையில், என்னுடைய செயலர். பதவியில் எனக்குக் கீழே இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. மூன்று ஆளுநர்களைப் பார்த்தவர். நான் நாலாவது. ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் கேட்காது, நாம் குனிந்துதான் கேட்க வேண்டும். நான் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். கோப்பை என் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே இருக்கிற பத்திகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிற்பார். முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எதற்கும் ஒரே பதில்தான், "பரிசீலிக்கலாம் சார்."

ஆரம்பத்தில் ஒரு கோப்பின் ஓரத்தில், ஏன் என்று எழுதினேன். வக்கீல் புத்தி. மறுநாள் அதே கோப்போடு வந்து நின்றார். ஆளுநர் ஏன் என்று கேட்பது வழக்கமில்லை சார், இது குறித்து அறிய விரும்புகிறார் என்று எழுதுவதுதான் முறை என்றார். அறிய விரும்புகிறேன் என்று மாற்றி எழுதினேன். அதற்குப் பதில் நான் பதவி முடிந்து வரும்வரை வரவில்லை.

சட்டசபையில் ஆண்டுக்கு ஒருமுறை உரை வாசிக்க வேண்டும். எழுதுவது அமைச்சரவை, வாசிப்பது நான். என் அரசு அந்தப் பாலத்தைக் கட்டியது, என் அரசு இந்தக் குளத்தைத் தூர் வாரியது என்று வாசிப்பேன். அந்தப் பாலத்தின் மேல் நான் போனதுகூடக் கிடையாது. அரசாங்கத்து உத்தரவுகள் எல்லாம் ஆளுநரின் ஆணைப்படி, ஆளுநரின் பெயரால் என்றுதான் போகும். ஒரு பள்ளிக்கூட விழாவில் ஒரு டீச்சர் என் எதிரே வந்து, கைக்குழந்தையோடு இருக்கும் என்னை ஏன் மலைக்கு மாற்றினீர்கள் என்று அழுதார். அவருடைய உத்தரவில் என் பெயரில்தான் ஆணை. அவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விசாரிக்கிறேன் அம்மா என்றேன். செயலர் பின்னாலிருந்து, பரிசீலிக்கலாம் சார் என்றார்.

செயலரின் அறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. முதல் மாதத்திலேயே அதைத் திறந்து காட்டச் சொன்னேன். கீழ்த்தட்டு முழுக்கக் கருணை மனுக்கள். கைதிகள் தண்டனையைக் குறைக்கக் கேட்டு எழுதியவை. அமைச்சரவையின் ஆலோசனையும் வந்து, ஆளுநர் கையெழுத்து ஒன்றுக்காக நின்றவை. எனக்கு முந்தியவர், அவருக்கும் முந்தியவர் காலத்தவைகூட இருந்தன. ஏன் இப்படி என்றேன். செயலர் பொறுமையாக விளக்கினார். ஏற்றுக்கொண்டால் செத்தவர் வீட்டார் சத்தம் போடுவார்கள், தள்ளுபடி செய்தால் உள்ளே இருப்பவர் வீட்டார் சத்தம் போடுவார்கள், சும்மா இருக்கிற கோப்பு யாரையும் கடிக்காது சார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அலமாரியை மூடினார். மலர்க் கண்காட்சி திறக்கப் போக வேண்டியிருந்தது, போனோம்.

குமரேசனின் மனு நான் போன மறுவருஷம் வந்தது. ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம் என்பதை மக்கள் ராஜா காலத்து அதிகாரம் போல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமைச்சரவை என்ன சொல்கிறதோ அதன்படிதான் ஆளுநர் செய்ய வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒருமுறை திருப்பி அனுப்பலாம். ஒரே ஒருமுறை. அவர்கள் மறுபடியும் அதையே சொன்னால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி கொடுத்தால்தான் சாமியே கையைத் தூக்க முடியும்.

அமைச்சரவையின் ஆலோசனை, மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று வந்திருந்தது. செத்துப்போனவனின் ஊர் ஒரு மந்திரியின் தொகுதி. முதலமைச்சர் என்னைப் பார்க்க வந்தபோது நேராகவே கேட்டேன். அவர் மிகவும் மரியாதைக்காரர். ஒவ்வொரு தடவையும் கூடை நிறைய வாதுமைக் கொட்டை கொண்டுவருவார். அன்றைக்கும் கொட்டையைத் தன் கையாலேயே உடைத்துப் பருப்பை என் தட்டில் வைத்தபடி சொன்னார். அந்தக் கைதி உங்கள் ஊர்க்காரன் என்று எல்லோருக்கும் தெரியும் சார், விடுவித்தால் உங்கள் பெயர் கெட்டுவிடும், உங்களைக் காப்பாற்றத்தான் இப்படி முடிவெடுத்தோம் என்றார். என் ஊரில் பிறந்ததுதான் குமரேசன் செய்த குற்றம் போலிருக்கிறது. நானும் பருப்பைத் தின்றேன், என்ன செய்வது.

அந்த நேரத்தில்தான் ஏழுமலை ரயிலேறி வந்து சேர்ந்தான், கையில் ஆற்காடு மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு. மனு நிலுவையில் இருக்கும்போது கைதியின் தகப்பனைப் பார்ப்பது உசிதமில்லை என்றார் செயலர். என் சிநேகிதன், பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றேன். அப்படியென்றால் தானும் கூட இருப்பதுதான் முறை என்று சொல்லி, வந்து உட்கார்ந்துகொண்டார். பெரிய கூடம். மெத்தை நாற்காலியின் நுனியில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்பில் வெந்துபோன அவன் விரல்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் டப்பாவின் மேல் வைத்துக்கொண்டிருந்தான். ரயில் எப்படி இருந்தது, குளிர் தாங்குகிறதா என்று நான் கேட்டேன். அவன் செயலரை ஒருதரம் பார்த்தான், என்னை ஒருதரம் பார்த்தான்.

"ஒரு கையெழுத்துடா வக்கீலு. நான் உனுக்கு எத்தினி போஸ்டர் ஒட்டியிருப்பேன். ஒரே ஒரு கையெழுத்து."

செயலருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போடுவது போல ஏழுமலை காற்றில் விரலை ஆட்டியதைப் பார்த்தார். நேரமாகிவிட்டது சார் என்றார். நான் எழுந்தேன். ஏழுமலையும் எழுந்தான். என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் அதை, ஆகிவிடும் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

கோப்பைத் திருப்பி அனுப்பினேன். செயலர் எழுதிக் கொடுத்த இரண்டு வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். சம்பவம் நடந்த விதம், கிளீனர் பையன் அடிபட்டது, சிறை மருத்துவரின் அறிக்கை, உள்ளே இருந்த காலம், ஒழுக்கம், எல்லாவற்றையும் ஒரு கீழ்க்கோர்ட் வக்கீல் தன் முதல் கேசுக்கு எழுதுவது போல எழுதினேன். என் தொழிலில் அதைவிட நல்லதாக நான் எதையும் எழுதியதில்லை. பல மாதம் கழித்து ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது, அமைச்சரவை தன் ஆலோசனையை மீண்டும் வலியுறுத்துகிறது என்று. என் குறிப்பை யாராவது படித்தார்களா என்பதே சந்தேகம்.

இப்போது எனக்கு வழியில்லை. செயலர் கோப்போடு வந்தார், நான் சொல்லாமலே உட்கார்ந்தார், அதுதான் முதல் தடவை. அவருக்கு என் மேல் ஓர் இரக்கம் வந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டாம் சார், கோப்பு நம்மிடமே இருக்கட்டும், உங்கள் சிநேகிதருக்குப் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், உங்கள் மேல் பழி வராது என்றார். அவர் கண் அந்த அலமாரிப் பக்கம் போயிற்று.

என் உடம்பெல்லாம் அதற்குச் சம்மதம் என்றது. பொய் சொல்லவில்லை. ஆனால் நான் வக்கீல். தள்ளுபடியான மனுவோடு ஒருவன் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், இந்த முடிவு நியாயமில்லை என்று கேட்கலாம். முடிவே ஆகாத மனுவை வைத்துக்கொண்டு எங்கே போவான்? போனாலும், ஆளுநர் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார், பொறுங்கள் என்று அரசாங்க வக்கீல் எழுந்து சொல்வார், வாய்தா போடுவார்கள், வாய்தா முடிவதற்குள் குமரேசனின் உடம்பு முடிந்துவிடும். அந்தச் சிறைக்கு வந்துபோகிற இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். உத்தரவு அவர் கைக்குப் போனால் விடமாட்டார். அதை மட்டும் நம்பினேன்.

தள்ளுபடி என்று கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கே உத்தரவு போக வேண்டும் என்றேன். செயலர் என்னைக் கல்நெஞ்சக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

இதை யாரிடம் சொல்வது? அமைச்சரவைக்கும் ஆளுநருக்கும் இடையே நடந்தது வெளியே போகக் கூடாது. மனுவைத் தள்ளிய கையே, இப்படிப் போய் என் மேல் கேஸ் போடு என்று சொல்லித்தரவும் முடியாது. சொன்னால் அதைக் காட்டியே எதிர்த்தரப்பு கேசை உடைத்துவிடும். ஊமை கண்ட கனவு என்பார்கள், அந்தக் கதைதான். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள், ஆம்பூர் டிரைவரின் கருணை மனுவை ஆம்பூர் ஆளுநரே நிராகரித்தார் என்று. அன்று ஏழுமலை போன் பண்ணினான்.

"பேப்பர்ல போட்டிருக்கறது நெஜமா?"

"நெஜம்தான் ஏழுமல."

"சரி."

போனை வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் நான் அரசாங்கக் காரில் முன்னும் பின்னும் வண்டிகளோடு ஊருக்கு வந்தபோதெல்லாம் எங்கள் தெரு காலியாக இருக்கும். குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன என் மனைவி பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு வரிசைக்குப் போனாளாம். என் மனைவி சாப்பிடாமல் வந்து என்னிடம் கேட்டாள், அந்தப் பிள்ளையை விட்டிருந்தால்தான் என்ன என்று.

சட்ட உதவி வக்கீல் விடவில்லை. கேஸ் போட்டார், உயர் நீதிமன்றம் விசாரித்தது, உடல்நிலையையும் உள்ளே கழித்த காலத்தையும் பார்த்து என் உத்தரவை ரத்து செய்து குமரேசனை விடுதலை செய்தது. தீர்ப்பை வரவழைத்துப் படித்தேன். ஆளுநர் தன் மனதைச் செலுத்தாமல் இயந்திரம் போல மனுவைத் தள்ளுபடி செய்திருக்கிறார் என்று கண்டித்திருந்தார்கள். இத்தனைக்கும் நான் மனதைச் செலுத்திய ஒரே கோப்பு அதுதான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. குமரேசன் பிழைத்தான், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

பதவிக்காலம் முடிந்தது. கம்பளம் விரித்து வழியனுப்பினார்கள். ஊருக்கு வந்து பல நாள் தயங்கிவிட்டு ஒரு காலையில் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். விரிஞ்சிபுரம் கோயிலில் மகனுக்காக வேண்டிக்கொண்டு மொட்டை போட்டிருந்தான், முடி அரைகுறையாக வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க. உக்காருங்க."

அறுபது வருஷத்துச் சிநேகிதன் வாயிலிருந்து வாங்க வந்தால் அது மரியாதை இல்லை, கதவை மூடுவது. உட்கார்ந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். திருப்பி அனுப்பியது, திரும்பி வந்தது, அலமாரி, செயலர் சொன்ன யோசனை, நான் போட்ட கணக்கு. என் மேடைப் பேச்சையெல்லாம் கேட்ட மாதிரியே கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"தள்ளுபடி பண்ணாத்தான் வெளிய வருவான்னு தெரிஞ்சு போட்டீங்க."

"ஆமாம்."

"வராம போயிருந்தா?"

சட்டப்படி வேறு வழி இல்லை என்று ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. "வராம போயிருந்தா எனுக்கு இன்னா சொல்லியிருப்பீங்க? இத்தினி வருசம் நான் உங்களத் திட்டிக்கினே தூங்கினேன். அப்படித் திட்டுனது ஜாஸ்தியா கம்மியான்னு நீங்களே சொல்லுங்க."

அப்போது உள்ளேயிருந்து குமரேசன் வந்தான். மெலிந்திருந்தான், ஊசி குத்திக் குத்தி ஒரு கை நரம்பு கயிறாக வீங்கியிருந்தது. தகப்பன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, அவர் சொல்றது சரிதான். உள்ள இருந்தவங்களுக்கு இது தெரியும். எனக்குத் தள்ளுபடின்னு பேப்பர் வந்த அன்னிக்கு எல்லாரும் வந்து கையப் புடிச்சி குலுக்கினாங்க. உனுக்கு வழி தொறந்துடுச்சின்னாங்க."

பல வருஷமாக என் மார்மேல் கிடந்த பாறையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. ஒரு ஆள், இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள், நான் என்ன செய்தேன் என்று தெரிந்து வைத்திருந்தான். அவன் தோளில் கை வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும் சார். எனுக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் படுத்திருந்தாரு, அந்த ஊர்க்காரர். நான் உள்ள போனப்ப எனுக்கு அந்தப் பாஷைய சொல்லிக் கொடுத்தவரு. அவரு மனு எனுதுக்கு ரொம்ப முன்னாடியே உங்க ஆபீசுக்கு வந்துடுச்சி. தெனமும் கேப்பாரு, உங்க ஊரு கவர்னர் என்னுத எப்ப தள்ளுபடி பண்ணுவாருன்னு. நான் வெளிய வர்ற வரைக்கும் ஒண்ணும் வரல. அவருதையும் தள்ளுபடி பண்ணியிருக்கக் கூடாதா சார்?"

பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னான். எனக்கு ஞாபகம் வரவில்லை. வருவதற்கு அந்தக் கோப்பை நான் பிரித்துப் பார்த்திருந்தால்தானே. ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டான். குமரேசன் வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

அன்றே அந்த மாளிகைக்குப் போன் போட்டேன். இப்போது அங்கே வேறு ஆளுநர், வேறு செயலர். முன்னாள் ஆளுநர் என்றதும் மிகுந்த மரியாதையோடு பேசினார். பெரியவரின் பெயரைச் சொன்னேன், ஏதாவது ஒரு முடிவு எடுங்கள், தள்ளுபடியானாலும் சரி என்றேன். கோப்பு இருக்கிறது சார், பரிசீலிக்கிறோம் என்றார். அதற்கப்புறமும் விடாமல் போன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றும் அதையே சொன்னார்கள்.

கெடு வைக்கலாமா என்று கேட்டீர்களே அம்மா, வையுங்கள். அந்தப் பெரியவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.